அடுத்த ஞாயிறு பாக்கலாம்

என் மகன் அதை என்னிடம் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "அடுத்த ஞாயிறு பாக்கலாம்டா."

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எனக்குக் கடை இருக்கிறது. கடை என்று சொல்வதே அதிகம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்க ஊரார் வீட்டுக் கோளாறுகள். கணினியின் பவர் சப்ளைதான் என் முக்கிய வேலை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, கணினிக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் அந்தத் தகரப் பெட்டியை மற்ற கடைகளில் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தூக்கிப் போடு, புதிதாக வாங்கு என்பார்கள். நான் திறப்பேன். சூட்டில் கருகியதை எடுத்துவிட்டு நல்லதைப் போட்டு ஓட வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

முன்பின் தெரியாதவர் கொண்டுவந்தாலும் அன்றைக்கே பார்த்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்து யாராவது ஸ்க்ரூ டிரைவரை நீட்டினால் மட்டும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "நாள் முழுக்க அதைத்தானே பண்ணிட்டு வர்றேன், வீட்டுலயாவது மனுஷனை விடுங்களேன்" என்று கத்துவேன். அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் அவன் நான்காவது முறை கேட்கவில்லை.

அவனுக்கு இருபத்தாறு வயது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஷிஃப்ட் வேலை. ராணுவத்தில் தேசிய சேவை முடிந்த கையோடு, ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி அந்தக் கணினியை அவனே சேர்த்துக் கட்டினான். பவர் சப்ளையும் புதிதாகத்தான் வாங்குவதாக இருந்தான். நான்தான் விடவில்லை. "உங்கப்பன் எதுக்கு இருக்கேன்? நான் சரி பண்ணி வச்சது ஒண்ணு கடையில இருக்கு. புதுசைவிட நல்லா ஓடும்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஓகே லா, பாஸ் சொன்னா சரி" என்று வாங்கிக்கொண்டான்.

இரண்டு மூன்று ஆண்டுகள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு உள்ளேயிருந்த ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தது. கர்ர் என்று இழுத்து, நடுவில் ஒரு டக், திரும்பவும் கர்ர். "அப்பா, பின்னாடி கை வச்சா சுடுது. லேசா ஸ்மெல் வேற வருது. கொஞ்சம் செக் பண்ணுங்களேன்" என்றான். ஃபேனுக்கு எண்ணெய் வறண்டுவிட்டது என்று சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பத்து நிமிட வேலை. அடுத்த ஞாயிறு பாக்கலாம்டா என்றேன்.

தெம்பனிஸில் எங்கள் வீடு பதினோராவது மாடி. அவன் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும், அந்தச் சத்தம் மட்டும் கூடத்துக்கு வரும். என் மனைவி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவனுக்குச் சமைத்தாள். கர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தால் பையன் உள்ளே இருக்கிறான். சத்தம் நின்றால் சாப்பிட வரப்போகிறான். அது நின்ற உடனே எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். அவன் முகம் கழுவி வந்து உட்கார்வதற்குள் முதல் தோசை தட்டில் விழுந்திருக்கும். "உனக்கு மட்டும் எப்படிடி கரெக்டா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்க மகன் மணி அடிச்சுட்டுத்தானே வர்றான்" என்றாள்.

அன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது கணினியை ஓடவிட்டுவிட்டுப் போனான். "அம்மா, ஆஃப் பண்ணிடாதீங்க. டவுன்லோடு போயிட்டிருக்கு. நான் வந்து பாத்துக்குறேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் குளியலறையில் இருந்தேன்.

மழை. விரைவுச்சாலை. அவனுடைய மோட்டார் சைக்கிள். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் மாட்டேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே நாற்காலி போட்டு, கூடாரம் கட்டி, மண்டாய் தகனச் சாலைக்குக் கொண்டுபோய், மறுநாள் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வீடு வந்தோம். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து கர்ர் என்று சத்தம். இரண்டு நாளாக வீட்டில் இருந்த கூட்டத்தில் யாருக்கும் அது காதில் விழவில்லை. நான் நேராகப் போய் அணைக்கப் போனேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அதுக்காக?"

"பதினாறாம் நாள் வரைக்கும் ஓடட்டும். விளக்கு மாதிரி அதுவும் இருக்கட்டும்."

எங்கள் பழக்கத்தில் இறந்தவரின் படத்துக்கு முன் ஏற்றும் விளக்கு பதினாறாம் நாள் காரியம் வரை அணையக் கூடாது. மற்ற வீடுகளில் அதைக் கூடத்தில் வைப்பார்கள். இவள் பிடிவாதமாக அவன் அறையிலேயே, அந்தக் கணினி மேசை மேலேயே வைத்தாள். படத்துக்கு முன்னால் விளக்கு, பக்கத்தில் காலையும் மாலையும் சாம்பிராணி. காற்றில் விளக்கு அணைந்துவிடக் கூடாதென்று ஜன்னல் இரண்டையும் சாத்தினாள். உத்தரத்து ஃபேனையும் நிறுத்தினாள். அறைக் கதவையும் சாத்தினாள். அவள் கூடத்தில் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் கண் அயர்ந்தபோது நான் மட்டும் உள்ளே போனேன். திரை கறுப்பாக இருந்தது. கை பட்டு மவுஸ் நகர்ந்தது, திரை வெளிச்சமானது. பொருள் வாங்கும் இணையப் பக்கம் ஒன்று திறந்திருந்தது. கூடையில் ஒரே ஒரு பொருள். பவர் சப்ளை. இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை.

அப்பனை நம்பிப் பயனில்லை என்று புதிதாக வாங்கப் போயிருக்கிறான். ஆனால் கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை. ஒருவேளை இந்த ஞாயிறு நான் பார்த்துவிடுவேன் என்று காத்திருந்தானோ என்னவோ. திரையை மட்டும் அதன் பொத்தானில் அணைத்துவிட்டு வெளியே வந்தேன். அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆறாம் நாள் வாசனை வந்தது. விளக்கு, சாம்பிராணி, மாலை எல்லாவற்றையும் தாண்டி எனக்கு அது தெரியும். சூடேறிய வார்னிஷ் வாசனை. கணினியின் பின்பக்கம் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். நம் ஊர் வெயிலில் ஜன்னலைச் சாத்தி, விளக்கையும் ஏற்றி, வறண்ட ஃபேனோடு ராத்திரி பகலாக ஓடினால் எந்தப் பெட்டிதான் தாங்கும்? சரி பண்ண வேண்டுமானால் நிறுத்த வேண்டும். நிறுத்தக் கூடாது என்கிறாள். சொந்த வீட்டில் நான் என்னதான் செய்வது?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மேசை ஃபேன் ஒன்றைக் கொண்டுபோய்க் கணினிக்குப் பின்னால் வைத்துத் திருகினேன். பெட்டி கொஞ்சம் குளிர்ந்தது. விளக்கு படக்கென்று அணைந்தது.

அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். திரியில் புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அன்று நான் பார்த்திருக்கக் கூடாது.

"அணைச்சுட்டீங்களா?"

"வேணும்னா பண்ணேன்? மெஷின் எரிஞ்சுபோயிடும், வாசனை வரலையா உனக்கு?"

"ஆறு நாளு கூட உங்களால ஒரு விளக்கைப் பாத்துக்க முடியலையா?"

நானும் கத்தினேன். துக்க வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. "விளக்கு வேணுமா, மெஷின் வேணுமா, ஏதாவது ஒண்ணு சொல்லு. ரெண்டும் ஒரே மேசையில நடக்காது!" என்றேன். அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவதை நான் கிழித்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு மைலோ டின்னின் அடியை வெட்டி, விளக்கைச் சுற்றிக் காற்றுத் தடுப்பாக வைத்துப் பார்த்தேன். "எம்புள்ள விளக்கைத் தகர டப்பாக்குள்ளயா வைப்பீங்க?" என்று எடுத்து வீசினாள். நானும் மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று மனத்துக்குள் சொன்னேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தத் திரையில் இருந்த பக்கத்தை நினைத்தும் சொன்னேன். நின்றுபோனால் அது அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது. பெற்ற அப்பனுக்கு வந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். அறைக்குள் டப் என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் வெடிக்கும் சத்தம். கர்ர் நின்றது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டியின் பின்னாலிருந்து மெல்லிய புகை. முதலில் சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கினேன். விளக்கு மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு வெளியே வந்தேன். அவள் கூடத்தில் இல்லை. சமையலறையில், அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. கையில் மாவுக் கரண்டியோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அடுப்பை அணைத்தாள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்குப் பசிக்கும் என்று தோசை ஊற்றப் போனாள், வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "நின்னு போச்சு" என்றேன். தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் சரி பண்றீங்க" என்று மட்டும் சொன்னாள். அதைக்கூடக் கோபமாகச் சொல்லவில்லை. போய்க் கதவை ஒட்டி உட்கார்ந்து, தலையை அதன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

பவர் சப்ளையை மட்டும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காரியம் முடிவதற்குள் கடை திறக்கலாமா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். எம்ஆர்டி ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைக்குள்ளிருந்து இன்னும் சூடு வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் ஆறு நாள் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அங்கேதான். சிரிப்பும் பேச்சும், ஊருக்கு வீடியோ கால் போட்டுப் பிள்ளைகளைக் கொஞ்சுகிறவர்களும். நான் யார் முகத்தையும் பார்க்காமல் படியேறி, ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனேன்.

நான்கு ஸ்க்ரூ. தகர மூடியை எடுப்பதற்கு முன்பே அதன் ஓரத்தில் என் மார்க்கர் பேனாவின் அடையாளம் தெரிந்தது. சரி பார்த்து முடித்ததும் நான் போடும் டிக். புதுசைவிட நல்லா ஓடும் என்று சொல்லி நானே கொடுத்தது.

மூடியைத் திறந்தேன். வயரைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் மின்சாரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும், தெரியாமல் தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். பழைய பல்பு ஒன்றின் இரண்டு வயரை அதன் கால்களில் வைத்து அந்த மின்சாரத்தை வடித்தேன். பல்பு ஒரு முறை மின்னி அணைந்தது. பிறகுதான் உள்ளே பார்த்தேன்.

ஃபேன் இறக்கைகளின் மேல் கறுப்பு. விரலை வைத்தால் பிசுக்கென்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். நல்லெண்ணெயும் சாம்பிராணியும். இத்தனை நாள் விளக்குப் புகையையும் அது உள்ளே இழுத்து வைத்திருந்தது. அந்தக் கறுப்பை நகத்தால் சுரண்டினேன். அடியில் சாம்பல் நிறத்தில் தடிமனாகத் தூசி. அது விளக்குப் புகை இல்லை. அது அவன் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களின் தூசி.

விளக்கின்மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். சாத்திய ஜன்னல்மேல், அவள் பிடிவாதத்தின்மேல் போடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஃபேனை விரலால் சுற்றினேன். சுற்றவில்லை, கல்லாக நின்றது. சூடு வெளியே போக வழியில்லாமல் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, அவற்றில் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. அவற்றுக்குக் கீழே பச்சை போர்டு பழுப்பாகக் கருகியிருந்தது. ஒரே ஒரு சொட்டு எண்ணெய். எத்தனை ஞாயிறு வந்து போனது! நான் சோபாவில் படுத்துக்கொண்டு கைப்பேசி பார்த்தேன். அட பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன். அதோடு என்னால் முடியவில்லை. பன்னிரண்டு நாள் ஊருக்கு முன்னால் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த மேசைமேல் வந்து விழுந்தது.

"அண்ணே, கடை தொறந்திருக்கா?"

ஷட்டருக்குக் கீழே ஒரு முகம். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மடிக்கணினி சார்ஜர் ஒன்றை என்னிடம் கொடுத்து மூன்று வாரம் இருக்கும்.

"ஷட்டர் பாதி இறங்கியிருக்குறது கண்ணு தெரியலையா?" என்று சீறினேன்.

"லைட் எரியுதேண்ணே" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்னண்ணே ஆச்சு?"

சொன்னேன். அதிகம் சொல்லவில்லை. பையன் போயிட்டான், இது அவனோடது, வீட்டுல இது ஓடணும், அவ்வளவுதான் சொன்னேன். அவர் கீழே போய் இரண்டு கப் தே வாங்கி வந்து ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பழைய கெப்பாசிட்டர்களைச் சூடு காட்டி எடுக்கப் போனேன். சோல்டர் முனை போர்டில் இங்கும் அங்கும் பட்டது. இந்தக் கையோடு வேலை செய்தால் நல்ல பாகத்தையும் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்தது. முனையைக் கீழே வைத்தேன்.

"கொடுங்கண்ணே" என்றார். "பத்து வருஷமா இதே வேலைதான். என்ன, எங்களுக்குக் கப்பல் சைஸு."

எந்தக் கால், எவ்வளவு நேரம் சூடு காட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். அந்தத் தடித்த விரல்களில் ஒரு நடுக்கமும் இல்லை. உப்பிய நான்கையும் எடுத்தோம். சூடு தாங்கும் நல்ல ரகமாக என் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தேன், ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். கருகின இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அந்தக் கறுப்புப் பிசுக்கையும் துடைத்தேன். துடைத்த துணியைக் குப்பையில் போட மனம் வரவில்லை, மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஃபேன் மட்டும் பாக்கி. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் போதும். ஆனால் இனிமேல் எதற்குச் சொட்டு? அவனுக்குச் செய்யாததை முழுதாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இருப்பதிலேயே உயர்ந்த ஃபேன் ஒன்றை எனக்கென்று வைத்திருந்தேன், காதில் வைத்தாலும் சத்தம் கேட்காத ரகம். அதைப் பொருத்தினேன். பழையதை வழக்கம்போலப் பையில் போட்டுக்கொண்டேன். செத்த பாகம் எதையும் நான் வீச மாட்டேன், வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். என் மனைவி அந்த டின்னைத் திட்டாத வாரம் இல்லை.

பல்பு வழியாக மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். பல்பு ஒரு முறை எரிந்து மங்கியது. உள்ளே எங்கும் கோளாறில்லை என்று அர்த்தம். ஃபேன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "சூப்பர்ண்ணே" என்றார் வெல்டர். அவருடைய சார்ஜரைச் சரி பண்ணித் தரவில்லை என்பது அவர் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நான்கு மணி. அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். காலையில் வைத்துவிட்டுப் போன காப்பி தொடாமல் ஆடை படிந்து கிடந்தது. உள்ளே போய், விளக்கு அணையாமல் மெதுவாக மேசையை நகர்த்தி, பெட்டியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையைப் போட்டேன். அவன் பெயருக்குக் கீழே கடவுச்சொல் கேட்டது. எங்களுக்குத் தெரியாது. அந்த இணையப் பக்கம் இனி யாருக்கும் திறக்காது. ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

"போட்டாச்சு" என்று குரல் கொடுத்தேன்.

கதவுக்கு வெளியேயிருந்து, "எங்க ஓடுது?" என்றாள்.

"ஓடுதே. வந்து பாரேன், லைட் எரியுது."

"சத்தத்தையே காணோம்."

"புது ஃபேன் போட்டிருக்கேன். இனிமே சத்தமே வராது" என்றேன். வெட்கங்கெட்ட ஜென்மம், அதைப் பெருமையாகச் சொன்னேன்.

வெளியே வந்து பார்த்தேன். தரையில் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் இல்லாம, அவன் உள்ள இருக்கான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

அப்போதுதான் எனக்குக் காலையில் காய்ந்த தோசைக்கல் புரிந்தது. அவள் நிறுத்த விடாததற்குக் காரணம் டவுன்லோடும் இல்லை, திரையும் இல்லை, விளக்கு மாதிரி என்று சொன்னதும் இல்லை. இத்தனை நாளாக அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தது அதற்குத்தான். கர்ர் என்று கேட்டால் பையன் உள்ளே இருக்கிறான்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான் எதையுமே கேட்டதில்லை.

பையிலிருந்து அந்தப் பழைய ஃபேனை எடுத்தேன். அச்சில் இறுகியிருந்த பிசுக்கைத் துடைத்து, விரலால் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் இளக வைத்தேன். கணினிப் பெட்டியின் பின்பக்கம் இன்னொரு ஃபேன் மாட்டும் இடம் காலியாக இருந்தது. அங்கே அதைப் பொருத்தித் தனி வயர் கொடுத்தேன். குளிர வைக்க ஒன்று, சத்தம் போட ஒன்று. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. சுவிட்சைப் போட்டேன். கர்ர் என்று இழுத்தது.

"இப்ப சரியா?"

"இல்லங்க. நடுவுல ஒரு டக் வரும்."

ஒரு ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் தளர்த்தினேன்.

"ம்ஹூம். இது ரொம்ப வருது."

கொஞ்சம் முடுக்கினேன். மறுபடியும் தளர்த்தினேன். கோளாறைச் சரி பண்ணத்தான் எனக்குத் தெரியும், கோளாறை வைக்கத் தெரியவில்லை. முழங்காலில் நின்றுகொண்டு, வேர்த்து வழிய, எத்தனை முறை திருகினேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் வெளியேயிருந்து, "ஆங்... இதான்" என்று அவள் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுவதும் கேட்டது. அவன் போனதிலிருந்து அன்றுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை அவள் எழுந்து ரசம் வைத்து, அந்தக் கதவை ஒட்டி உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. விளக்கு சாமி மேடைக்குப் போனது, ஜன்னலைத் திறந்தோம். கணினியை நிறுத்துவது பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் ஒரு ஞாயிறுகூடத் தவறவிடுவதில்லை. அவள் காய்கறி வாங்கச் சந்தைக்குப் போகும் நேரத்தில்தான் நிறுத்துவேன். வீட்டில் இருக்கும்போது நின்றுவிட்டால் அவள் கை தானாகத் தோசைக்கல்லைத் தேடும். மூடியைத் திறந்து தூசி ஊதுவேன், ஒவ்வொரு கெப்பாசிட்டர் தலையையும் தடவிப் பார்ப்பேன், புது ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன். பிறகு அந்தப் பழைய ஃபேனின் இறக்கைகளையும் துணியால் துடைப்பேன். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் வருவதற்குள் எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டுவிடுவேன்.

எண்ணெய்க் குப்பி பக்கத்திலேயே இருக்கும். பழைய ஃபேனுக்கு மட்டும் விட மாட்டேன்.